பத்துமணிப் பூவுக்குக் காசு எதற்கு? கிள்ளி நட்டாலே வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் பத்துமணிப் பூவைப் பற்றி வந்த குறிப்பை வாசித்தேன். இந்தப் பூவைப் பற்றியும் எழுத ஒருவர் இருக்கிறாரே என்று சந்தோசம். ஆனால் கிள்ளி நட்ட தடியை நிழலில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதை நம்பி யாராவது அப்படியே செய்தால் ஒரு கிழமைக்குள் தடி முழுக்க அழுகிவிடும், பிறகு "எனக்குக் கைராசி இல்லை" என்று சாடியைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவார்கள். அதனால்தான் உடனேயே இதை எழுதுகிறேன்.

பத்துமணிப் பூவின் இலையை ஒரு தரம் விரலுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள், தண்ணீர் கசியும். இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிற செடி அது. நாங்கள் சுண்டிச் சாப்பிடுகிற பருப்புக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். பிரேசில், ஆர்ஜென்டினா, உருகுவே பக்கத்து வறண்ட மணல் நிலம்தான் அதன் பிறந்த வீடு. அப்படிப்பட்டதற்கு எங்கள் பங்குனி, சித்திரை வெயில் ஒரு பொருட்டே இல்லை, தண்ணீர் தேங்குவதுதான் எமன்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். நன்றாகத் தழைத்த செடியில் மூன்று நான்கு அங்குல நீளத்துக்கு நுனியைக் கிள்ளி எடுப்பேன், கத்திகூடத் தேவையில்லை, நகம் போதும். பூவும் மொட்டும் இருந்தால் மனம் கேட்காவிட்டாலும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேருக்குப் போக வேண்டிய பலமெல்லாம் மொட்டுக்குப் போய்விடும். அடியில் ஓர் அங்குலத்துக்கு இலையை உருவிவிட்டு, தடிகளை ஒரு பழைய பேப்பரில் பரப்பி விறாந்தையில் அரை நாள் அப்படியே விடுவேன். அதற்குள் வெட்டுவாய் காய்ந்து மெல்லிய தோல் மாதிரி மூடிவிடும். இந்த அரை நாளைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஈர வெட்டுவாயோடு மண்ணுக்குள் வைத்தால் அழுகல் அங்கேயிருந்துதான் தொடங்கும்.

மண்ணைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் கோண்டாவில் செம்மண் தனியாகப் போட்டால் இறுகிப்போகும், அதனால் பாதிக்குப் பாதி மணல் கலக்கிறேன், ஒரு பிடி மக்கிய மாட்டெரு. கடற்கரை மணலை அப்படியே கொண்டுவந்து போடக்கூடாது, உப்பு. சிரட்டையின் கண்ணைத் துளைத்துவிட்டால் அதைவிட நல்ல சாடி இல்லை. ஒரு சிரட்டைக்கு மூன்று தடி, ஓர் அங்குல ஆழம். நட்ட அன்று ஒரு தரம் தண்ணீர் தெளித்து, முதல் மூன்று நான்கு நாள் காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, பிறகு நல்ல வெயிலுக்கு மாற்றிவிடுவேன். மேல்மண் காய்ந்தால் மட்டும் மறுபடி தண்ணீர். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் வேர் பிடித்துவிடும். தடியை மெல்லச் சுண்டிப் பார்த்தால் அது பிடிவாதமாக நிற்கும், அப்போது தெரியும். அப்புறம் நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் படரும். ஒரு மாதத்துக்குள் பூப் பார்க்கலாம்.

போத்தல் தண்ணீரில் போட்டு வேர் விட வைக்கலாம் என்றும் குறிப்பில் ஒரு வரி இருந்தது. சிலருக்கு வரும்தான், மறுக்கவில்லை. ஆனால் மாரி வரப்போகிற நேரத்தில், டெங்குக்காக வீடு வீடாக வந்து சாடித் தட்டைக் கவிழ்த்துப் பார்க்கிற ஊரில், வாசல் படியில் வரிசையாகத் தண்ணீர்ப் போத்தல் வைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு விசயம் இந்தக் கன்றுகளின் விலை. நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு நானும் ஆசைப்பட்டு ஓர் இடத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த அடுக்குப்பூக் கன்று இரண்டு வாங்கினேன். சுண்டுவிரல் உயரம்தான், கொடுத்த காசில் ஒரு தேங்காயும் கொஞ்ச மரக்கறியும் வாங்கியிருக்கலாம். வெறும் தும்புத்தூளில் நட்டிருந்தார்கள். மேலே காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே விரலை விட்டால் சொதசொத என்று ஈரம். நாலாம் நாள் தண்டு அடியில் கறுத்துச் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, நுனி இன்னும் பச்சையாக இருந்தது. அதைக் கிள்ளிக் காயவைத்து மணலில் வைத்தேன், இப்போது ஆறு சிரட்டையில் பூத்திருக்கிறது. கன்று வாங்கினவர்கள் யாரும் இருந்தால் முதல் வேலையாக அந்தத் தும்புத்தூளை உதறிவிட்டு மண் மாற்றுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை என்னவென்றால், கிளுவங் கதியாலும் பூவரசங் கதியாலும் போட்டு வேலி வளர்த்த ஊர் இது. பக்கத்து வளவில் வெட்டுகிற கதியாலை வாங்கி வந்து எங்கள் எல்லையில் ஊன்றுவோம், அது துளிர்த்து அடுத்த வருடம் இன்னொரு வீட்டுக்குப் போகும், யாரும் விலை கேட்டதில்லை. வேலி எல்லாம் மதிலான பிறகு, மதிலுக்கு அந்தப் பக்கம் பூத்துக் கிடக்கிற செடியில் "அக்கா, ஒரு நுனி தாங்கோ" என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறோம். கேளுங்கள். பத்துமணிப் பூவைக் கிள்ளினால் செடிக்கு நட்டமே இல்லை, இன்னும் அடர்த்தியாகத்தான் வரும்.

விதையைப் பற்றியும் ஒரு சொல். ஒற்றையிதழ்ப் பூ, அதாவது ஒரே அடுக்கு இதழ் உள்ள பூ, வாடின பிறகு காய் மிளகளவுக்குப் பருக்கும். முற்றினதும் அதன் மேற்பாதி சின்னத் தொப்பி கழல்வதுபோல அப்படியே கழன்று விழும். உள்ளே கடுகைவிடப் பல மடங்கு சின்னதாக, ஈயம் மாதிரி மினுங்குகிற விதைகள் குவிந்திருக்கும். அதை மண்ணால் மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும், மேலே தூவி உள்ளங்கையால் அழுத்திவிட்டால் சரி. அடுக்குப் பூவில் மகரந்தக் கேசரங்களே இதழாக மாறிவிடுவதால் விதை குறைவு, கிடைத்தாலும் தாயின் நிறமும் அடுக்கும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. அந்த நிறமேதான் வேண்டுமென்றால் தடிதான் வழி.

பூ விரியவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் சாடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும், மழை மூடிய நாளில் பத்து மணியானாலும் பன்னிரண்டு மணியானாலும் விரியாது. விரிந்த ஒற்றைப் பூவின் நடுவில் இருக்கிற மஞ்சள் கேசரங்களை ஒரு ஈர்க்கால் மெல்லத் தொட்டுவிட்டுப் பொறுத்துப் பாருங்கள், தொட்ட பக்கமாக மெதுவாகச் சாய்ந்து வரும். என் பேத்திக்கு அதைக் காட்டினதிலிருந்து பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பத்து மணிக்கு அவள் முற்றத்தில்தான்.

தண்டுக் கணுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரித் தெரிந்தால் அது வெண்மூட்டுப் பூச்சி, அந்தச் செடியில் தடி எடுக்கவே வேண்டாம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு நிறத்திலும் நான்கு தடியாவது சிரட்டையில் நட்டு, தாவாரத்துக்குள் மழை படாத, வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். நிலத்தில் நிற்பது மாரியில் அழுகினாலும் தையில் திரும்ப நட அது இருக்கும். அதற்கு முன் இந்தக் கடிதம் வெளிவந்தால் உதவியாக இருக்கும்.

அம்மா வளர்த்த பத்துமணி முழுக்க ஒற்றையிதழ். 1995இல் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நாங்கள் ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பாத்தி இருந்த இடமே தெரியவில்லை, ஆனால் கிணற்றுக்கட்டு வெடிப்பில், விழுந்த விதையில், ஊதாச் சிவப்பு நிறத்தில் நான்கைந்து முளைத்து நின்றன. இன்று என் முற்றத்தில் இருப்பது அதன் வழிதான். அம்மாவிடம் இருந்த வெள்ளை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. நான் சொல்வது இப்போது விற்கிற அடுக்கு வெள்ளையை இல்லை, ஐந்து இதழ் வைத்த பழைய வெள்ளையை. கோண்டாவில், உரும்பிராய், இணுவில் பக்கம் எந்த வீட்டு முற்றத்திலாவது அது இன்னும் நின்றால், விதையை விழ விட்டுவிடாமல் ஒரு கடதாசியில் மடித்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோண்டாவில்.