வானிலைக் கட்டத்தில் காற்றுக்கும் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவோரைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஐம்பதாயிரம் ரூபாய் சைக்கிளுக்கும் இரண்டு லட்ச ரூபாய் சைக்கிளுக்கும் என்ன வேறுபாடு என்பதை அக்கட்டுரை விரிவாகவே விளக்கியிருந்தது. ஆனால், அதை வாங்கியவர் எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பொள்ளாச்சியில் பதினோரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சைக்கிளில் கிளம்பிவிடுகிறவன் என்ற உரிமையில், விடுபட்டதை நிரப்ப முயல்கிறேன். கடித முடிவில் தங்களிடம் ஒரு சிறு வேண்டுகோளும் உண்டு.

எங்கள் பகுதியில் பயணத்திட்டம் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து மேல்காற்று நாள் தவறாமல் வீசுகிறது. உடுமலைப்பேட்டை, குடிமங்கலம், பல்லடம் வட்டாரங்களில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். விடியற்காலையில் ஓரளவு அடங்கியிருக்கும் காற்று, வெயில் ஏற ஏற வலுத்து, பிற்பகலில் உச்சத்தைத் தொடும். ஆடி மாதத்தில் காலை ஐந்தரை மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து கிழக்கே பழனி நோக்கிப் புறப்படுகிறவருக்கு, யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். மீட்டரில் மணிக்கு 32 கிலோமீட்டர் என்று பார்த்ததும் அது தம் கால்களின் வலிமை என்றே அவர் நம்பிவிடுவார். ஏறத்தாழ 65 கிலோமீட்டரும் தெரியாமலே கரைந்துவிடும். பழனியில் இட்லி சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பும்போதுதான், இதுவரை தள்ளிய கை யாருடையது என்பது புரியும்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உடலில் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். காற்றில்லாத நாளில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டப் பழகியவர், 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் எதிர்க்காற்றிலும் அதே வேகத்தைக் காப்பாற்ற நினைத்தால், அவர் மார்பில் மோதுவது 45 கிலோமீட்டர் வேகக் காற்று. தடை மூன்று மடங்குக்கும் மேல். இந்த இடைவெளியை அடைக்கக்கூடிய சைக்கிள் எந்த விலையிலும் கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் ஓர் ஆடி ஞாயிறன்று பழனியிலிருந்து திரும்புகையில், மடத்துக்குளம் தாண்டியதும் என் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. இரண்டு பாட்டில் தண்ணீரும் தீர்ந்திருந்தது. போகும்போது இருந்த உற்சாகத்தில் வழியில் எதையும் சாப்பிடவில்லை. உடுமலையை நெருங்கும்போது கைவிரல்கள் நடுங்கின. கியர் மாற்றுவதற்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையே சற்று யோசிக்க வேண்டியிருந்தது. தூரத்துக் காற்றாலைகள் அனைத்தும் என்னைப்போலவே மேற்கு நோக்கி முகம் வைத்து நின்றன. அவற்றுக்கு அந்தக் காற்று வருமானம். நானோ ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, பிறகு பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிச் சென்ற வேன் ஒன்றில் சைக்கிளோடு வீடு வந்து சேர்ந்தேன். ஓட்டுநர் பணம் வாங்க மறுத்துவிட்டார். "இந்தக் காத்துல யாருங்க கெழக்க போவா?" என்று மட்டும் கேட்டார். அது விவசாயிகளுக்கும் லாரிக்காரர்களுக்கும் தெரிந்த செய்தி. எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அன்றிலிருந்து, முதல் பாதியைக் காற்றை எதிர்த்தும் மறுபாதியைக் காற்றோடும் ஓட்டும்படியே வழியை அமைக்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாக மேற்கே செல்வேன். டிசம்பர், ஜனவரியில் கணவாய்க் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும்போது உடுமலைப் பக்கம் போவேன். தென்காசியில் இருப்பவர் செங்கோட்டைக் கணவாயையும், வள்ளியூர்க்காரர் ஆரல்வாய்மொழிக் கணவாயையும், சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர் முற்பகலுக்குப் பின் எழும் கடற்காற்றையும் இதேபோல் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, புதியவர்கள் செய்யும் பெரிய பிழை அவசரம்தான். முதல் மாதத்திலேயே நூறு கிலோமீட்டர் ஓட்டிப் படம் எடுத்துப் போட்டவர்களில் பலர், மூன்றாம் மாதம் முழங்கால் வலியோடு சைக்கிளை மாடியில் ஏற்றிவைத்துவிடுகிறார்கள். வாரத்துக்கு மொத்தத் தூரத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாமலிருப்பதும், மூன்று வாரம் கூட்டிய பின் நான்காம் வாரம் குறைப்பதும் பழைய வழக்கங்கள். அவற்றை மாற்ற வேண்டிய தேவை எதையும் நான் காணவில்லை. வார நாட்களில் இரண்டு முறை ஒரு மணி நேரமும், ஞாயிறன்று ஒரு நீண்ட ஓட்டமும் போதும். அந்த நீண்ட ஓட்டத்தில், பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதுதான் ஆண்மை என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. பள்ளி நாட்களில் கியர் இல்லாத சைக்கிளில் கேரியரில் ஆளை வைத்து மிதித்த பழக்கமாக இருக்கலாம். இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதிப்பதே முழங்காலைக் காக்கும்.

சைக்கிள்காரர்கள் 'பி.ஆர்.எம்.' என்று சொல்லும் நேரக் கட்டுப்பாட்டு நெடும்பயணங்களுக்கு இப்போது இளைஞர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள். அதில் 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரமும், 300-க்கு 20 மணியும், 400-க்கு 27 மணியும், 600-க்கு 40 மணியும் தரப்படுகின்றன. வகுத்துப் பார்த்தால், நின்ற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் சற்றே குறைவான சராசரிதான் அந்த 200-க்குத் தேவை. அதில் தோற்பவர்களில் நான் பார்த்தவரை பெரும்பாலோர் மெதுவாக ஓட்டியவர்கள் அல்லர். ஒவ்வொரு டீக்கடையிலும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்கள்.

உணவிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் இளநீரை நான் குறை சொன்னால் இங்கே குடியிருக்க முடியாது. ஆயினும், வியர்வையில் நாம் பெருமளவு இழப்பது சோடியத்தை; இளநீரில் மிகுந்திருப்பதோ பொட்டாசியம். ஆகவே இளநீரோடு உப்புப் போட்ட மோரோ, மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலோ தேவைப்படுகிறது. இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் அதற்குப் போதுமானவை. பசித்த பிறகு சாப்பிடுவது, தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுவதுதான்.

சாதனங்களில் முதலிடம் உடலுக்குப் பொருந்தும் அளவுக்கே. மிதி கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இந்த எளிய அளவைக்கூடப் பார்க்காமல் விற்றுவிடும் கடைகள் உண்டு. அடுத்தது டயர். 23 மில்லிமீட்டர் டயரை நம் சாலைகளில் ஓட்டுவதால் கிடைப்பது மணிக்கட்டு வலி மட்டுமே. 28 அல்லது 32 போட்டு, பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குச் சற்றுக் குறைவாகவே காற்றடிப்பது நல்லது.

பஞ்சர் விஷயத்தில் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். இவ்வகைச் சைக்கிள்களின் டியூப்பில் இருப்பது பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடையின் கம்பிரசர் வாய் அதில் பொருந்தாது. இரண்டு லட்ச ரூபாய் சைக்கிளோடு கடை வாசலில் ஒருவர் விழித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். நகம் அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கிளம்பியிருப்பார். மாற்று டியூப் இரண்டு, டயர் நெம்பி, கைப்பம்பு ஆகியவற்றை வைத்திருப்பவரும் ஒன்றை மறந்துவிடுகிறார்: புது டியூப்பை மாட்டும் முன் டயரின் உட்புறத்தை விரல்நுனியால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சீமைக்கருவேல முள்ளின் நுனி விரலுக்குத்தான் தட்டுப்படும். அதைப் பிடுங்காவிட்டால் புது டியூப் அடுத்த ஊர்வரைகூடத் தாங்காது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இக்கடிதம் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஏறும்போது நேரும் தவறுக்குத் தண்டனை களைப்பு, இறங்கும்போது நேரும் தவறுக்கு அது ஆஸ்பத்திரி. மேய்ந்துகொண்டு கும்பலாகத் திரியும் வரையாடுகளை ஒன்பதாவது வளைவுப் பக்கம் பார்த்துக்கொண்டே இறங்குவதைவிட, நிறுத்திவிட்டுப் பார்ப்பது மேல். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால், ரிம்மை அழுத்தும் வகைப் பிரேக் சூடேறி டியூப்பையே வெடிக்கச் செய்யலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டுவிட வேண்டும். வியர்வையில் நனைந்த சட்டையோடு குளிரில் இறங்கும்போது நெஞ்சு விறைத்துப்போகும். ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் வீரர்கள் உச்சியில் நிற்பவர்களிடம் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்போடு மடித்துச் செருகிக்கொண்டு இறங்குவது நெடுநாள் வழக்கம். அட்டகட்டியில் தங்கள் நாளிதழை நான் அவ்வாறு பயன்படுத்தியிருக்கிறேன். நன்றாகவே காற்றைத் தடுத்தது.

கைப்பேசி வரைபடம் சொல்லும் வழியை அப்படியே நம்புவதும் ஆபத்து. ஒருமுறை அது எங்களைக் குறுக்குவழி என்று பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரைமேல் ஏற்றிவிட்டது. நான்கு கிலோமீட்டர் தூரம் சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தோம். புதிய வழியில் கூட்டமாகப் போகும் முன், ஒருவராவது மோட்டார் சைக்கிளில் சென்று, வண்ணம் பூசாத வேகத்தடைகளையும், தண்ணீர் கிடைக்கும் இடங்களையும், ஞாயிறன்று திறந்திருக்கும் கடைகளையும் பார்த்துவருவது எங்கள் வழக்கம். நான்குவழிச் சாலையின் ஓரம் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த ஓரத்தில்தான் எதிர்த்திசையில் விளக்கில்லாமல் இருசக்கர வாகனங்கள் வருகின்றன. ஜனவரியில் இங்கே ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. ஐந்து மணிக்குப் புறப்படுகிறவர் ஒன்றரை மணி நேரம் இருட்டில் ஓட்டுகிறார். முன்விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும், ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டையும் இல்லாதவரை எங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. இதனால் இரண்டு நண்பர்களின் மனத்தாங்கலைச் சம்பாதித்துக்கொண்டேன்; அதில் எனக்கு வருத்தமில்லை.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். தங்கள் நாளிதழின் வானிலைக் கட்டத்தில் அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை, சூரிய உதயம், அஸ்தமனம் ஆகியவை இடம்பெறுகின்றன. காற்றைப் பற்றி எதுவும் இல்லை. வானிலை ஆய்வு மையம் காற்றின் திசையையும் வேகத்தையும் அறிவிக்கவே செய்கிறது. சனி, ஞாயிறு இதழ்களிலாவது அவற்றை ஒரு வரியாகச் சேர்க்க இயலுமா? சைக்கிள்காரர்களுக்கு மட்டுமன்றி, மருந்து தெளிக்கும் விவசாயிக்கும், வாழை போட்டவருக்கும் அது உதவும். காற்று எங்கே போகிறது என்று எழுதாமல், எங்கிருந்து வருகிறது என்று எழுதுமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மேல்காற்று என்று நாங்கள் சொல்வது மேற்கிலிருந்து வருவதைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பொள்ளாச்சி.