என் மனைவியின் கழுத்துக் காயத்துக்கான கிளெய்மை மூடியது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், கிளெய்ம் பிரிவு, வாகனக் காப்பீடு

பொருள்: நிராகரித்த கிளெய்மை மறுபடி திறந்து பரிசீலிக்கக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். ஒன்பது வருடமாக உங்களிடம்தான் கார் இன்சூரன்ஸ் எடுத்து வருகிறேன். போன தடவை புதுப்பித்தபோது, காரில் வருபவர்களுக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு கிடைக்கும் என்று சொல்லி உங்கள் ஏஜென்ட் ஒரு கூடுதல் காப்பைச் சேர்க்கச் சொன்னார். தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தேன். அது தேவைப்பட்ட முதல் தடவையே கைவிரித்துவிட்டீர்கள்.

சிக்னலில் நின்றுகொண்டிருந்த எங்கள் காரைப் பின்னால் வந்த கார் இடித்தது. பம்பர் நசுங்கியது, டிக்கி கோணிக்கொண்டது. பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு அன்றைக்குப் பெரிதாக வலி தெரியவில்லை. மறுநாள் காலை உங்கள் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. பேச்சைப் பதிவு செய்கிறோம் என்றார்கள், சரி என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், "நல்லா இருக்கேன்" என்றார். நலம் விசாரித்தால் யாரும் அப்படித்தானே சொல்வார்கள்? அன்று மாலையே அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்றாம் நாள் தலைவலியும் தோள்பட்டை வலியும் சேர்ந்துகொண்டன.

உங்கள் நிராகரிப்புக் கடிதத்தில் முதல் காரணமே அந்த "நல்லா இருக்கேன்"தான். பின்னாலிருந்து இடிபடும்போது இருக்கை உடம்பை முன்னே தள்ளுகிறது. தலை ஒரு கணம் பின்தங்கி, அப்புறம் முன்னே வீசப்படுகிறது. அதில் கழுத்தின் தசைகளும் தசைநார்களும் இழுபடுகின்றன. வலி வெளியே தெரிய ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். இப்படி வரும் கழுத்துக் காயத்தைத்தான் விப்லாஷ் என்கிறார்கள். விப்லாஷ் கிளெய்ம்களைத் தொடர்ந்து பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது, எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை என்கிறீர்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், இழுபட்ட தசையைக் காட்டாது. விப்லாஷ் காயங்களுக்கு 1995-இல் கனடாவின் கியூபெக்கில் ஒரு நிபுணர் குழு வகுத்த நிலைகளைத்தான் எங்கள் டாக்டரும் பின்பற்றுகிறார். எலும்பு முறிவும் விலகலும் அதில் நான்காம் நிலை. அவர் எழுதிக் கொடுத்திருப்பது இரண்டாம் நிலை: கழுத்து வலி, தொட்டால் நோகும் இடங்கள், திருப்பக்கூடிய அளவு குறைந்திருப்பது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் நான்காம் நிலை இல்லை என்று சொல்லலாம். காயமே இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அதே எக்ஸ்ரேயை வைத்து, அடுத்த பத்தியிலேயே இது வயதால் வந்த பழைய தேய்மானம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 52 வயது. அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் கழுத்தெலும்பில் தேய்மானம் தெரியும். விபத்துக்கு முன்னால் கழுத்து வலி என்று ஒரு நாள்கூட டாக்டரிடம் போனதில்லை, அதற்கான மருத்துவப் பதிவுகளைத் தரவும் நாங்கள் தயார்.

என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது டிஸ்சார்ஜ் வவுச்சர் (கிளெய்ம் தீர்ந்தது என்று கையெழுத்திட்டுத் தரும் தாள்) விஷயம். கார் வொர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே வந்த அன்று, வண்டியை எடுக்க இது வேண்டும் என்று சொல்லி உங்கள் ஊழியர் என்னிடம் கையெழுத்து வாங்கினார். மனைவி பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருப்பதை அவரிடம் சொன்னேன். அது வேறு கிளெய்ம், பிறகு பார்க்கலாம் என்றார். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது, அந்தத் தாளில் "இந்த விபத்து தொடர்பான எல்லா உரிமைகளுக்கும் முழு இறுதித் தீர்வு" என்று இருப்பதால் இனி எதுவும் கேட்க முடியாது என்கிறீர்கள். நான் படிக்காமல் போட்டது என் தவறுதான். ஆனால் அதில் இருப்பது என் கையெழுத்து மட்டும். கொடுத்த பணமும் ரிப்பேர் பில்லுக்கு மட்டும். காயம்பட்டவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அவருக்கு எதுவும் கொடுக்கவும் இல்லை. அவருடைய உரிமையை நான் எப்படி விட்டுக்கொடுத்திருக்க முடியும்?

பாலிசி எடுக்கும்போது ஒன்றையும் மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். 1766-இல் இங்கிலாந்தில் ஒரு காப்பீட்டு வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு இந்த நல்லெண்ணக் கடமையை இரண்டு தரப்புக்கும் சேர்த்தேதான் சொன்னார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லும் கடமை உங்கள் ஊழியருக்கும் இருந்தது.

நசுங்கிய பம்பரைப் பார்க்க இரண்டாம் நாளே சர்வேயரை அனுப்பினீர்கள். மனைவியைப் பார்க்க இதுவரை ஒருவரும் வரவில்லை. புது பம்பர் போட்ட அந்தக் காரை ரிவர்ஸ் எடுக்க அவரால் இன்னும் திரும்பிப் பார்க்க முடியவில்லை. இரவில் புரண்டு படுத்தால் விழித்துக்கொள்கிறார்.

ஆகவே கிளெய்மைத் திறந்து, உங்கள் டாக்டர் ஒருவர் அவரை நேரில் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். போன் பதிவின் முழுப் பிரதியும் நான் கையெழுத்திட்ட வவுச்சரின் பிரதியும் வேண்டும். இதுவரையான மருத்துவ, பிசியோதெரபி பில்களுக்குப் பணம் தர வேண்டும். மறுப்பதானால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று எண்ணோடு எழுதிக் கொடுங்கள். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இதே ஆவணங்களோடு போவேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்

இணைப்பு: பாலிசிப் பிரதி, டாக்டரின் அறிக்கை, பிசியோதெரபி பில்கள், உங்கள் நிராகரிப்புக் கடிதம்