பிச்சாவரத்துக்கு வாய்க்கால் முக்கியம்

ஆசிரியருக்கு,

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் கன்று நடுவது பற்றிய செய்தியைப் படித்தேன். நடுவது சரி, ஆனால் நீரோட்டத்தையும் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து அமுங்கித் தொட்டி போலானது. ஏறிய கடல்நீர் இறங்க வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்புதான் மிஞ்சியது. அதில் எந்த விதை முளைக்கும்? 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து கடல்நீர் ஏறி இறங்க மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிய பிறகுதான் பச்சை திரும்பியது.

அந்த வேலைக்குப் போனவர் என் சித்தப்பா. மண்வெட்டி போட்டால் உப்பு வெள்ளையாகப் பெயர்ந்து வருமாம். போன மாதம் அவரோடு போய்ப் பார்த்தேன். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது, வேர்களுக்கிடையே இறால் குஞ்சு துள்ளுகிறது. ஆனால் கிளை வாய்க்கால்கள் சில தூர்ந்து கிடக்கின்றன. மனசு பதறியது. கன்றுக்கான பணத்தில் ஒரு பங்கை, ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் அவற்றைத் தூர்வார ஒதுக்க வேண்டும். வேலையை அங்குள்ள மீனவ, இருளர் குடும்பங்களுக்கே கொடுக்கலாம்.

- ஒரு வாசகர், கிள்ளை, கடலூர் மாவட்டம்