அப்பாவின் நோட்டில் 31 நாள்

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று புதன்கிழமையே ஒரு வரி போட்டிருந்தேன். அதற்கு மேல் எழுத அன்றைக்குக் கை வரவில்லை. இன்றைக்குத்தான் கொஞ்சம் உட்கார முடிந்தது, அவர் தூங்குகிறார், அம்மாவும் ஒரு மாசத்துக்கு அப்புறம் பகலில் கண் அசந்திருக்கிறார், இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் அப்பா திடீரென்று விழுந்தது, வலது கையும் பேச்சும் போனது, அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் 31 நாள் எப்படிப் போச்சு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் அதற்கு முந்தின முக்கால் மணி நேரத்தைச் சொல்லியே ஆகணும்.

பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, பார்க்கணும் என்பது அப்பாவுக்கு எத்தனையோ வருஷத்து ஆசை. நம்ம நஞ்சராயன் குளத்துக்கு ஊசிவால் வாத்து வரும், நீலச்சிறகி வரும், உள்ளங்கைக்குள் அடங்குகிற கொசு உள்ளான்கூட வடக்கே பனிப் பிரதேசத்திலிருந்து பறந்து வரும், பூநாரை மட்டும் தினமும் பறவைகளை எண்ணி எழுதுகிற அவர் நோட்டில் ஏறினதே இல்லை. அதனால்தான் பொங்கல் முடிந்த கையோடு திருப்பூரிலிருந்து அவ்வளவு தூரம் கிளம்பினோம். சில்காவுக்கு அடுத்து நம் நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு மறித்துக் கிடக்கிறது, முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வரும், மழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கும், அந்தக் கலங்கல் சேற்றில்தான் பூநாரைக்குத் தீனி என்று ரயிலிலேயே எங்களுக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டார்.

விடிந்து வெயில் ஏறுவதற்குள் கரைக்குப் போய்விட்டோம். தூரத்தில் வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் அத்தனையும் பூநாரை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று காலால் சேற்றை மிதிமிதியென்று மிதித்துக் கலக்குகின்றன, தலையை அப்படியே கவிழ்த்து, மேல் அலகு கீழே வருகிற மாதிரி தண்ணீருக்குள் விட்டு, வடிகட்டித் தின்கின்றன. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையனிடம் அப்பா, "அது பொறக்கறப்போ செவப்பு இல்ல தம்பி, சாம்பல் நெறம்தான், திங்கற பாசியும் குட்டி குட்டி இறாலும்தான் அதுக்கு அந்த நெறத்தக் குடுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாக, தெளிவாக, ஒரு சொல் தடுக்காமல் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பார்க்கணும் என்று நினைத்ததைப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

அப்பா விழுந்ததும், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அவரைத் தூக்கினார்கள். ஷேர் ஆட்டோவில் இருந்த சவாரியை இறக்கிவிட்டுப் பொன்னேரிப் பக்கம் பறந்த அந்த அண்ணன் காசு வாங்கவே இல்லை. கூட வந்த நம்ம ஞாயிற்றுக்கிழமைப் பறவை பார்க்கிற குழு, ரத்தம் கொடுக்கிறேன் என்று வந்து நின்ற பிள்ளைகள், மருத்துவர்கள், ராத்திரி நர்ஸுகள், தினமும் சாப்பாடு கொண்டு வந்த அம்மாவின் சித்தி மகள் வீட்டார், கேட்காமலேயே சம்பளத்தை முன்கூட்டிப் போட்டுவிட்ட எங்கள் பனியன் கம்பெனி, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதணும், எழுதுவேன். இன்றைக்கு ஒருத்தரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

அதற்கு முன்னால் அப்பாவின் நோட்டைப் பற்றிச் சொல்லணும். அவர் 22 வருஷம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் பட்டறைகளையெல்லாம் மூடினபோது அவருக்கும் வேலை போச்சு. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் காலையில் ஊத்துக்குளி ரோட்டில் நடக்க ஆரம்பித்தவர் குளத்துக் கரையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் எதிரில் பறவைதானே, எண்ண ஆரம்பித்தார். "நொய்யல்ல போன சாயத் தண்ணியில என் பங்கும் இருக்குது கண்ணு, கணக்காவது வெச்சுட்டுப் போறேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். குளத்தை 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, அந்த இரண்டு நாளும் நோட்டில் வழக்கமான எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். கல்யாணம், காய்ச்சல், தேர்தல் எதற்கும் அவர் காலைக் கணக்கு நின்றதில்லை. ஊருக்குப் போனால் நம்ம குழுவில் யாராவது எண்ணிக் கொடுப்பார்கள். இந்தத் தடவை குழுவே எங்களோடு இருந்தது, அப்புறம் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தோம், குளம் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

நோட்டை அவர் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை, கரைக்குப் பக்கத்து டீக்கடையில் வைத்துவிடுவார். வியாழக்கிழமை காலையில் அதை வாங்கத்தான் போனேன். கடைசியாக எழுதின பக்கத்தைப் பார்த்தால் அழுகை வரும் என்று பயந்துகொண்டே திறந்தேன்.

அதற்கப்புறமும் பக்கங்கள் இருந்தன.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தினசரி காலண்டர் தாள் ஒன்று, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினது. ராகு காலம், எமகண்டத்தோடு. அதன் கீழே எழுத்தே இல்லை. மூக்குகள் வரைந்திருந்தன. கரண்டி மாதிரி ஒரு மூக்கு, பக்கத்தில் நாலு கோடு. அரிவாள் மாதிரி வளைந்த மூக்கு, பதினோரு கோடு. நடுவில் சந்து விட்ட மூக்கு, அது நத்தைகுத்தி நாரை. தாடைக்குக் கீழே பை தொங்குகிற கூழைக்கடா. கறுப்பு உருண்டைக்கு நெற்றியில் மட்டும் மை படாமல் விட்டிருந்தது, அது நாமக்கோழி. பேனாவை அழுத்திப் பிடித்ததில் தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் ஒவ்வொரு மூக்கும் தட்டுப்பட்டது. எண்ணிப் பார்த்தேன், 31 தாள்.

கரையை ஒட்டின புறம்போக்கில் வெள்ளாடு மேய்க்கிற அம்மா ஒருத்தர் இருக்கிறார், குளத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். "இன்னைக்கு எத்தனைங்ணா?" என்று அப்பாவைத் தினமும் கேட்பவர். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று டீக்கடையில் கேள்விப்பட்ட அன்றைக்கே நோட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். டீக்கடைக்காரர் கிழித்துப் போட இருந்த காலண்டர் தாளைத் தினமும் எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்.

எதற்கம்மா என்று கேட்டேன். வேறு என்ன கேட்கிறது என்று தெரியவில்லை. "அண்ணன் நோட்டு ஒருநா கூட வெறுமனே கெடந்ததில்லீங்கம்மணி. வந்து பாத்தா மனசு ஒடஞ்சு போயிருவாரில்லீங்களா. எனக்குத் தெரிஞ்ச மாதிரி போட்டு வெச்சேன், தப்பா இருந்தா அழிச்சுப் போடுங்க" என்றார்.

வட்டம் வட்டமாகச் சில பக்கங்களில் இருந்தது எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, நிறைய இருந்தால் ஒவ்வொன்றாக எண்ண வராது, ஆட்டுப் பட்டி மாதிரி கண்ணால் அளந்துவிடுவேன், ஒரு வட்டம் ஒரு பட்டி என்றார். பட்டிக்கு எத்தனை ஆடு? "இருவத்தி மூணுங். நடுவுல செவலை ரெண்டு குட்டி போட்டுது, அதுக்கப்பறம் இருவத்தஞ்சு." எந்த நாளிலிருந்து இருபத்தைந்து என்று நான் கேட்பதற்குள் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தின் மூலையைக் காட்டினார். காது தொங்குகிற குட்டி இரண்டு வரைந்திருந்தது. அந்தப் பக்கத்துக்கு முன்னால் எல்லா வட்டமும் 23, பின்னால் 25. நேற்று ராத்திரி உட்கார்ந்து அத்தனையும் எண்ணாக மாற்றிப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன், அவர் வரைந்ததில் ஒன்றையும் அழிக்கவில்லை.

அப்பாவுக்கு வலது கை இன்னும் வரவில்லை, பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். நோட்டை மடியில் வைத்தேன். இடது கை விரலால் மூக்கு மூக்காகத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. மெலிசான ஒரு மூக்கு, நுனி மேல்பக்கமாக வளைந்து, பக்கத்தில் ஒரே ஒரு கோடு. கோணமூக்கு உள்ளான். அப்பா நோட்டில் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லாதது. ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டி, "இருக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் தெளிவாகச் சொன்ன முதல் சொல் அது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "இருக்காது" என்று இன்னொரு தடவை சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பறவை பார்ப்பது என்றால் கேமரா வேண்டும், புத்தகம் வேண்டும், பேர் தெரிய வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்ம குழுவிலேயே நிறையப் பேருக்கு அந்த நினைப்பு உண்டு. அந்த அம்மாவுக்கு ஒரு பறவையின் பேரும் தெரியாது. ஆனால் எது எந்த மூக்கோடு வருகிறது, எது நேற்று வந்து இன்று வரவில்லை என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் அவரைப் பார்த்து "நல்லாருக்கீங்களா" என்று கேட்டதைத் தவிர நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. அதை நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

அப்பா நடக்கிற வரைக்கும் காலைக் கணக்கு என் பொறுப்பு. ஷிஃப்ட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், ஒரு நாளும் விடமாட்டேன், இதை உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றால் விடவும் முடியாது. நேற்று முதல் நாள். நாமக்கோழியை ஒவ்வொன்றாக எண்ணி முடிப்பதற்குள் எனக்கு மூன்று தடவை தப்பிப் போச்சு, அந்த அம்மா பக்கத்தில் நின்று "ரெண்டு பட்டியும் ஒரு கையும்" என்றார். கடைசியில் எனக்கு 54 வந்தது.

கோணமூக்கு விஷயத்தை அவரிடம் மறைக்காமல் சொன்னேன், அப்பா இருக்காது என்கிறார் என்று. அவர் கோபப்படவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, நுனியை மேலே வளைத்துக் காட்டி, "இப்பிடித்தானுங் இருந்துது, கறுப்பும் வெள்ளையும், காலு நீல நெறம், தண்ணிய இப்பிடியும் அப்பிடியும் கூட்டற மாதிரி மூக்க வீசிட்டே போச்சு" என்றார். எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நோட்டில் பென்சிலால்தான் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அவரே அப்படிச் செய்யச் சொன்னார். "அண்ணன் வந்து பாத்துப்போட்டுச் சொல்லட்டும், அதுவரைக்கும் அப்பிடியே இருக்கட்டுங்க."