ஆத்தங்குடி ஐயாவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

நேற்று சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம், நல்லபடியாக முடிந்தது. வீட்டு உள்முற்றமான வளவில் பாய் விரித்துச் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்ததைத் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூடத் தரையைக் குனிந்து பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

நடந்தது காரைக்குடியில் என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்: தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருந்த கறையைப் போக்க ஆசிட் ஊற்றி, கல்லை வெளுக்க வைத்துவிட்டேன். கொத்தனார் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார், ஆசிட்டை ஊற்றியது நான். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுகிற கல் இல்லை, கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் சாந்து ஊற்றி, அதன் மேல் சிமென்டும் மணலும் போட்டு அழுத்தித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, ஆசிட் பட்டால் அந்தக் கண்ணாடி கொடுத்த வழவழப்பு அரித்துப் போய்விடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், கறை சீக்கிரம் போகட்டும் என்ற அவசரத்தில் செய்துவிட்டேன்.

மறுநாள் வெளுத்துப்போன கல் ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போனேன். என்ன கேட்பார், என்ன சொல்வது என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். கல் ஊற்றிக் கொடுத்த பட்டறை ஐயா பையை வாங்கிக் கீழே வைத்தார், திறக்கவே இல்லை. "கல்லு கெடக்கட்டும் ஆத்தா, மொதல்ல கையைக் காட்டு" என்றார். என் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாக இருந்ததை அதுவரை நானே சரியாகப் பார்க்கவில்லை. தொட்டியோரம் உட்காரவைத்து, குடத்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிட்டு, வேட்டி முனையால் ஒற்றி, தேங்காயெண்ணெய் தடவினார். சிமென்ட் அரித்து அவர் உள்ளங்கையே சொரசொரவென்று இருந்தது. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. யார் செய்தது என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை.

அப்புறம்தான் பையைத் திறந்தார். கையால் ஊற்றுகிற கல், ஒரு தடவை ஊற்றியதும் அடுத்த தடவை ஊற்றியதும் நிறத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இந்த வீட்டுக்கு ஊற்றினதிலேயே மிச்சம் எடுத்துவைத்திருந்த 40 கல்லை வண்டியில் ஏற்றிவிட்டார். தேவைப்பட்டது 38.

ராத்திரி முழுக்க உளி பிடித்து ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பதித்த கொத்தனார் அண்ணன்களுக்கும், சித்தாள் அக்காக்களுக்கும், கேட்காமலே டீ கொண்டுவந்த தம்பிக்கும், "ஆனது ஆச்சு, சாப்பிட்டுட்டு வேலையைப் பாரு" என்ற ஆச்சிக்கும், வேலையை விட்டு நிறுத்தாத எங்கள் சாருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது. இனி நான் நிற்கிற எந்த வேலையிலும் ஆசிட் பாட்டில் வாசலைத் தாண்டாது. கொத்தனார் ஒரு தடவை வேண்டாம் என்றாலே நிறுத்திவிடுவேன்.

ஐயா, நீங்கள் கொடுத்தனுப்பிய எண்ணெய்ப் பாட்டில் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. விரல் ஆறிவிட்டது. பாட்டிலையும் மிச்சம் இரண்டு கல்லையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.