சாவிக் கீரையும் பிஸ்கட் டின்னும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு பதிப்புல தத்துப் பிள்ளைங்க சாப்பாட்ட பத்தி ஒருத்தர் எழுதியிருந்தத படிச்சேன். யாரு வயித்துல பொறந்துச்சோ அந்த ருசிதான் வரும், வளர்க்கிறவங்க என்னதான் ஊட்டினாலும் மாறாதுன்னு முடிச்சிட்டாரு. படிச்சிட்டு எனக்கு ரெண்டு நாளா மனசே ஆறல, அதான் எழுத உக்காந்துட்டேன்.

நாங்க இருக்கிறது மலேசியாவுல பெஸ்தாரி ஜெயா, பழைய ஆளுங்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தைன்னாத்தான் தெரியும். எங்க பெரிய அத்தை பொறப்புல சீனப் பொண்ணு. 1950 சீனங்க கணக்குல புலி வருஷம், அந்த வருஷம் பொறக்கிற பொண்ணு குடும்பத்துக்கு ஆகாதுன்னு அவங்களுக்கு ஒரு பயம், அதனால தோட்டத்து லயத்துல, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்டுல இருந்த எங்க பாட்டிகிட்ட துணியில சுத்தி குடுத்துட்டு போயிட்டாங்களாம். அந்த மாதிரி தமிழ் வீட்டுல வளந்த சீனப் பொண்ணுங்க தோட்டப்புறத்துல நிறைய பேரு இருக்காங்க, உங்க வாசகர்ங்களுக்கே தெரியும். எங்க அத்தை ரசம் கொதிக்கிற வாசனைய வச்சே பெருங்காயம் பத்தலன்னு வாசல்ல இருந்து சத்தம் போடும். சீனக் கல்யாண விருந்துக்கு போனா கைப்பையில ஒரு சின்ன பாட்டில் எலுமிச்சங்கா ஊறுகா இருக்கும், கூட உக்காந்திருக்கிற எங்களுக்குத்தான் வெக்கம். இதுல எந்த ரத்தம் பேசுதுன்னு கட்டுரை எழுதினவரு சொல்லட்டும்.

இப்ப என் பையன் கதைக்கு வரேன். எங்ககிட்ட தத்து வந்தப்ப ரெண்டரை வயசு, அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்பு போறான். வந்த புதுசுல ஒரு நாள் தலகாணி உறைய துவைக்க கழட்டினா உள்ள டிஷ்யூல சுத்துன ரொட்டி சானாய் துண்டு, பாதி கடிச்ச பிஸ்கட்டு, எறும்பு சாரை சாரையா போகுது. என் நாத்தனார் உடனே, "பாத்தியா, திருட்டு புத்தி ரத்தத்துலயே இருக்கு"ன்னுச்சு. புள்ள அங்கதான் நிக்குது. அடுத்த வேளை சோறு வருமா வராதான்னு தெரியாம இருந்த புள்ள ஒளிச்சு வைக்காம என்ன பண்ணும்? ஒரு பிஸ்கட் டின்ன அவன் கட்டில் பக்கத்துல வச்சு இது உன்னோடது, யாரும் தொடமாட்டாங்கன்னு சொன்னேன். ராத்திரி ராத்திரி எண்ணிப் பாத்துட்டுத்தான் படுப்பான். ஒரு ஏழெட்டு மாசம் கழிச்சு எண்றத விட்டுட்டான்.

ஆனா ரத்தமே இல்லன்னும் நான் சொல்ல வரல, அதுதான் வேடிக்கை. சாவிக் கீரைன்னு சொல்ற கடுகு வகைக் கீரை, முட்டைக்கோஸ் ரெண்டையும் வாயில வச்சா துப்பிடுவான். அதுக்கு மட்டும் சொந்தக்காரங்க, நீ செல்லம் குடுத்து கெடுத்துட்டன்னு என்னைய சொல்வாங்க. என் அண்ணன் மக சாப்பாட்டு சத்து பத்தி யூனிவர்சிட்டில படிக்கிறா, அவதான் விளக்கினா. 1931ல அமெரிக்காவுல ஃபாக்ஸ்னு ஒருத்தரு லேப்ல பிடிசின்னு ஒரு தூள கொட்டினப்ப காத்துல பறந்துச்சாம், பக்கத்துல இருந்தவரு ஐயோ கசக்குதேன்னு கத்த, இவருக்கு நாக்குல ஒண்ணுமே தெரியலயாம். அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவால வர்றதுன்னு 2003ல கண்டுபிடிச்சிருக்காங்க. சாவி, கோஸ் வகையறாவுல இருக்கிற கசப்பும் அதே மாதிரி சிலர் நாக்குக்கு மட்டும் தூக்கலா தெரியுமாம். நமக்கு இனிக்கிற கோஸ் அவனுக்கு வேப்பங்கொழுந்தா இருக்கலாம், யாரு கண்டா.

அப்புறம் உடம்பு. மூணு வேளையும் நல்லா சாப்பிட்டு மைலோவும் குடிக்கிறான், ஆனா குச்சி மாதிரித்தான் இருக்கான். கோயில்ல பாக்கிறவங்க எல்லாம், பெத்த புள்ளையா இருந்தா இப்படி விடுவியாங்கிற மாதிரி ஒரு பார்வை. இதையும் அந்த அண்ணன் மகதான் சொன்னா, டென்மார்க்ல தத்துப் பிள்ளைங்களா வளந்து பெரியவங்களான 540 பேர வச்சு 1986ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சாம். அவங்க ஒல்லியும் பருமனும் பெத்தவங்களோடதான் ஒத்துப்போச்சாம், வளர்த்தவங்களோட ஒத்தே போகலயாம். கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு, இத்தன நாளா என் சமையல்லதான் கோளாறுன்னு நெனச்சிட்டிருந்தேன்.

ஆக, எங்க வீட்டுல எத ரத்தம்னு சொன்னாங்களோ அது பட்ட பசி, எத வளர்ப்புன்னு என் மேல போட்டாங்களோ அதுலதான் ரத்தம் இருக்கும் போல. கட்டுரை எழுதினவரு ஒரு தத்துப் பிள்ளை வீட்டுல ஒரு வாரம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டு பாத்துட்டு எழுதியிருந்தா இப்படி ஒரே போடா போட்டிருக்க மாட்டாரு. பதில் எழுதினா தயவுசெஞ்சு போடுங்க, நானும் படிக்கிறேன்.

நேத்து முட்டைக்கோஸ முட்டை ஊத்தி நெத்திலி போட்டு பெரட்டி வச்சேன். பையன் மூணு வாய் சாப்ட்டான், நாலாவது வாய மெதுவா அத்தை தட்டுக்கு தள்ளி விட்டான். அத்தை ஒண்ணும் பேசல, ஊறுகாய தொட்டுகிட்டு அதையும் சாப்ட்டுருச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்