பொது டார்ச்சுகள் வாங்க நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள குடியிருப்பு அன்பர்களுக்கு,

வணக்கம். நம் எட்டு மாடிகளுக்கும் பொதுவாக 10 டார்ச்சுகளும், அவற்றுக்கான பேட்டரிகளும், சார்ஜரும் வாங்க முடிவு செய்திருக்கிறோம். அதற்கு உங்கள் நன்கொடை வேண்டும். கேட்பது பணம் என்பதால் எதை வாங்கப் போகிறோம், ஏன் அதை வாங்குகிறோம் என்று விவரமாகவே சொல்லிவிடுகிறோம். கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரண்டும் போய் ஜெனரேட்டரும் கைவிட்ட அந்த ராத்திரி எல்லோருக்கும் நினைவிருக்கும். லிஃப்ட் நின்றுவிட்டது. ஆறாவது மாடிப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படி வழியாக இறக்க வேண்டியிருந்தது. நாற்காலியைப் பிடித்தவர்களுக்கு இரண்டு கையும் போதவில்லை. ஒருவர் போனை வாயில் கவ்விக்கொண்டு வெளிச்சம் காட்டினார். பொதுப் பெட்டியில் ஆறு டார்ச் இருந்ததே என்று மறுநாள் நீங்கள் கேட்டது நியாயம். இருந்தது. இரண்டில் பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. இரண்டு எரியவே இல்லை. ஒன்று கண் கூசுகிற மாதிரி எரிந்து, இரண்டு மாடி இறங்குவதற்குள் மங்கிவிட்டது. ஆறாவது, தட்டத் தட்ட எரிந்தது.

அந்த ஆறையும் வாங்கியது இதே குழுதான். அட்டைப் பெட்டியில் எந்த எண் பெரிதோ அதைப் பார்த்து வாங்கினோம். தப்பு எங்களுடையது. அதனால் இந்த முறை வாங்கும் முன் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அந்த மங்கிப்போன டார்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 10,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்தது. நல்ல எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தரும். அப்படியென்றால் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். உள்ளே இருந்தது ஒரே ஒரு 18650 லித்தியம் செல். உயர்ந்த தரத்துச் செல்லாக இருந்தாலும் அது மொத்தமாகக் கொடுக்கக்கூடியது 11 முதல் 13 வாட்-மணி (ஒரு வாட்டை ஒரு மணி நேரம் கொடுத்தால் அது ஒரு வாட்-மணி). ஏழெட்டு நிமிடத்தில் காலியாகிவிட வேண்டும், அதற்குள் டார்ச் கையில் பிடிக்க முடியாதபடி கொதித்திருக்க வேண்டும். நம்முடையது கொதிக்கவும் இல்லை, ஏனென்றால் அது அந்த வெளிச்சத்தின் பக்கத்தில்கூட என்றைக்கும் போனதில்லை. செல்லின் மேல் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று வேறு அச்சிட்டிருந்தார்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் 18650 என்று பெயர். அந்த அளவுக்குள் 3,500ஐ எட்டினாலே நல்ல செல். சந்தேகத்தில் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒழுங்கான செல் 45 கிராமுக்குக் குறையாது. இது 30ஐக்கூடத் தொடவில்லை.

சரி, பெட்டியில் எதைத்தான் நம்புவது? டார்ச்சுகளை அளந்து எழுதுவதற்கென்றே எஃப்எல்1 என்று ஒரு தரநிலை 2009இல் அமெரிக்காவில் வந்தது. அந்த முத்திரை இருந்தால் எண்கள் ஒரே முறையில் அளக்கப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் ஒளி மொத்தமும். கேண்டெலா என்பது அந்த ஒளி ஒரு திசையில் எவ்வளவு குவிந்து பாய்கிறது என்பது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் அதே தண்ணீர் தூரமாகப் பாய்கிறதல்லவா, அந்த வித்தியாசம்தான். பெட்டியில் போட்டிருக்கும் ‘தூரம்’ கேண்டெலாவிலிருந்து வருகிறது. 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர், 10,000 என்றால் 200 மீட்டர். அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ், கிட்டத்தட்ட முழு நிலா வெளிச்சம். ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. எனவே போட்டிருக்கும் தூரத்தில் பாதியை மட்டும் நம்பினால் ஏமாற மாட்டோம்.

‘ஓடும் நேரம்’ என்ற எண் இன்னும் வில்லங்கமானது. எரியவிட்ட 30 விநாடிக்குப் பிறகு இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரத்தைத்தான் அந்தத் தரநிலை கணக்கில் எடுக்கிறது. மூன்று மணி நேரம் என்று போட்டிருப்பது, ஐந்து நிமிடம் பளிச்சென்று எரிந்துவிட்டு மீதி நேரமெல்லாம் முனகுகிற டார்ச்சாகவும் இருக்கலாம். விதிப்படி அதில் பொய் இல்லை. எனவே ‘டர்போ’ (உச்ச வெளிச்சம்) என்று போட்டிருக்கும் வரியை விட்டுவிட்டு நடுத்தர வெளிச்சத்தில் எவ்வளவு நேரம், அந்த நேரம் முழுக்க ஒரே சீராக எரியுமா என்று இரண்டு கேள்விகளைத்தான் கேட்டோம். உள்ளே மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சுற்று இருந்தால் செல் தளரத் தளர வெளிச்சம் சரிந்துகொண்டே போகாது. மலிவான டார்ச்சில் முதலில் மிச்சம் பிடிப்பது இந்தச் சுற்றில்தான்.

நமக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை என்பதையும் யோசித்தோம். மெழுகுவர்த்தி ஒன்று தருவது சுமார் 12 லூமென். இருட்டு அறையில் 10 லூமெனைக் கூரையை நோக்கிக் காட்டினால் பொருள்களைத் தேடி எடுக்கலாம். படிக்கட்டுக்கு 50 முதல் 100 போதும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை, சுற்றுச்சுவரின் கடைக்கோடியைப் பார்க்க 300 வேண்டியிருக்கும். அதற்கு மேல் நமக்கு வேலை இல்லை. கண்ணின் கணக்கு வேறு: வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் லூமென் நான்கு மடங்கு ஆக வேண்டும். 300க்கும் 600க்கும் காசில் தெரிகிற வித்தியாசம் கண்ணில் அவ்வளவாகத் தெரியாது.

இனி பேட்டரி. குழுவில் அதிகமாகச் சண்டை போட்டது இதற்குத்தான்.

மாடிக்கு ஒன்றாக வைக்கப்போகும் 8 டார்ச்சும் இரண்டு பென்சில் செல் போடுகிற வகை. லித்தியம் டார்ச் இதே விலைக்கு இரண்டு மடங்கு வெளிச்சம் தருமே என்று நம் குழுவின் இளைஞர்கள் கேட்டார்கள். தரும், உண்மைதான். ஆனால் அவசரத்தில் செல் தீர்ந்தால் பென்சில் செல்லைச் சுவர்க் கடிகாரத்திலிருந்தோ ரிமோட்டிலிருந்தோ கழற்றிப் போட்டுவிடலாம். அது எந்த வீட்டிலும் இருக்கும். கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறவரும், எழுபது வயதுக்காரரும் யாரையும் கேட்காமல் மாற்றிவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காக வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தோம். போடப்போவது திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், அதிலும் சார்ஜ் தானாக மிக மெதுவாகவே இறங்கும் வகை. ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே நிற்கும். இரண்டு செல்லும் சேர்ந்தால் ஏறத்தாழ 5 வாட்-மணி. 100 லூமெனில் நான்கைந்து மணி நேரம், 30 லூமெனில் ஒரு ராத்திரி முழுக்க ஓடும்.

சாதாரண அல்கலைன் செல்லை டார்ச்சுக்குள்ளேயே போட்டு வைக்க மாட்டோம் என்று தீர்மானமே போட்டுவிட்டோம். பெட்டியில் பார்த்த வெள்ளைப் பூப்பு அதன் வேலைதான். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே கசிந்து, காற்று பட்டு அப்படி உறைகிறது. பழைய செல்லோடு புதியதைச் சேர்த்துப் போட்டால் கசிவு இன்னும் சீக்கிரம் வரும். தயவுசெய்து வீட்டு டார்ச்சுகளையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.

மீதி 2 டார்ச் லித்தியம் வகை, 18650 செல் போடுவது. ஒன்று காவலாளியிடம், இன்னொன்று மோட்டார் அறையில். செல்லை வெளியே எடுக்க முடிகிற மாதிரிதான் வாங்குகிறோம். உள்ளேயே ஒட்டி மூடிய டார்ச்சில் செல் செத்தால் டார்ச்சே குப்பைதான். யூஎஸ்பி-சி துளை இருந்தால் மட்டும் போதாது என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டோம். சில மலிவு டார்ச்சுகளில் அந்தத் துளைக்கு உள்ளே இருக்க வேண்டிய சின்ன மின்தடைகளை (ரெசிஸ்டர்களை) விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் சி முனை உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறாது. கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குவோம். லித்தியம் செல்லைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது, மேலுறை கிழிந்த செல்லைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. பொறுப்பாளர் இருவருக்கும் இதைச் சொல்லிவிட்டோம்.

தண்ணீர் படுவதைப் பற்றி ஒரே வரி: படிக்கட்டு டார்ச்சுக்குச் சாரல் தாங்கும் ஐபிஎக்ஸ்4 போதும், வெளியே போகும் இரண்டுக்கும் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் ஐபிஎக்ஸ்7.

ஒளியின் நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளை எல்இடி பிறப்பிலேயே வெள்ளை கிடையாது. நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பூச்சைப் பூசி வெள்ளையாகத் தெரியவைக்கிறார்கள். (அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு.) மலிவானவற்றில் சிவப்பு சரியாக வராது. ஃபியூஸ் பலகையில் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றாகத் தெரிந்தால் விபரீதம். எனவே மோட்டார் அறை டார்ச் மட்டும், நிறங்களைச் சரியாகக் காட்டும் அளவு (சிஆர்ஐ) நூற்றுக்கு 90க்கு மேல் உள்ளதாக இருக்கும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

முன்பக்கத்தை இழுத்தால் கதிர் குவிகிற ஜூம் டார்ச் பலருக்குப் பிடிக்கும் என்று தெரியும். குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. ஆனால் குவிக்கும்போது ஒளியில் பெரும்பங்கு உள்ளேயே வீணாகிறது, இழுத்துத் தள்ளும்போதெல்லாம் தூசியும் ஈரமும் உள்ளே போகின்றன. படிக்கட்டில் நடுவில் மட்டும் சதுரமாக வெளிச்சம் விழுந்து காலடி தெரியாமல் போவதைவிட, பரவலாக விழுவதே மேல். சுவிட்சும் எளிமையாக இருக்க வேண்டும்: ஒரு அழுத்தில் எரியணும், இன்னொரு அழுத்தில் அணையணும். மினுக் மினுக்கென்று அடிக்கும் வகையறா வழியில் குறுக்கே வரவே கூடாது. அப்புறம், ஒவ்வொரு டார்ச்சிலும் இருட்டில் ஒளிரும் நாடாவைச் சுற்றி வைப்போம். டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச் தேவைப்படக் கூடாதில்லையா.

போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். போனின் வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்துக்கு நல்லது. ஆனால் அந்த ராத்திரி ஆம்புலன்ஸுக்குப் பேச வேண்டியதும் அதே போனில்தான், அதே பேட்டரியில்தான். தலையில் மாட்டும் விளக்கு வாங்கலாமே என்ற யோசனை மிக நல்ல யோசனை. வாயில் போனைக் கவ்விய அன்பரும் அதைத்தான் சொன்னார். நன்கொடை மிஞ்சினால் முதலில் இரண்டு தலைவிளக்குகள்தான்.

வாங்கவிருப்பவை இவ்வளவே: பென்சில் செல் டார்ச் 8, லித்தியம் டார்ச் 2, உதிரியையும் சேர்த்துப் பென்சில் செல் 24, 18650 செல் 4, இரண்டு வகைச் செல்லும் ஏற்றக்கூடிய சார்ஜர் 1. நம் 48 வீடுகளும் பகிர்ந்தால் வீட்டுக்கு ஒரு டார்ச்சின் விலையில் பாதிகூட வராது. ஆனாலும் இவ்வளவு என்று பங்கு நிர்ணயிக்கவில்லை. இயன்றதைக் கொடுங்கள். முடியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம். டார்ச் எல்லா மாடிக்கும் வரும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பலகையில் எழுதப்போவதில்லை. மொத்த வசூலையும் பில்லையும் மட்டும் ஒட்டுவோம். பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்துக் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் சேர்ந்தால் அடுத்த வாரமே வாங்கிவிடலாம்.

பணத்துக்குப் பதில் பொருளாகவும் தரலாம். சார்ஜ் ஏறும் பென்சில் செல், பிரிக்காததாக இருந்தால், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். பழைய டார்ச் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே ஐந்து இருக்கிறது.

பணமும் பொருளும் தவிர இன்னொன்றும் வேண்டும். மாடிக்கு ஒருவர், மாதம் ஒருமுறை டார்ச்சை எரியவிட்டுப் பார்த்து, மங்கலாக இருந்தால் செல்லைச் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஐந்து நிமிட வேலை. முதல் மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் ஆள் கிடைத்துவிட்டார்கள், மீதி ஆறு மாடிக்குப் பெயர் கொடுங்கள்.

புதியவை வரும்வரை அந்த ஆறாவது டார்ச் கீழே பொதுப் பெட்டியிலேயே இருக்கும். பின்பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால் எரியும்.

இப்படிக்கு,
பொதுப் பொருள்கள் குழு
குடியிருப்போர் நலச் சங்கம்